கருக்கும் நுங்கும்

பனைமரம் நெல்லை நாட்டின் செல்வம். தேரி நிலத்திலும், குளத்தங்கரையிலும், வயல் வரப்பிலும் வரிசை வரிசையாக நிற்கும் அம்மரத்தைக் காணாது நம் நாட்டில் ஒரு கல் தொலைவு நடத்தலும் அரிது. அதன் மட்டையின் இருபுறமும் வாளரம் போன்ற பற்கள் உண்டு. அவற்றிற்குக் கருக்கு என்று பெயர். விறகு பொறுக்கும் சிறுவர் கைகளில் அக்கருக்குக் கீறிய கோடுகளைக் காணலாம். என் கையிலும் ஒன்று உண்டு. ஆயினும், அம்மரமே வைகாசி வெயிலில் நுங்கும் பதநீரும் தந்து நம்மைக் குளிர்விக்கின்றது. கருக்கை மட்டும் கண்டு, 'இது கீறும் மரம்' என்று கூறிச் செல்வோன் பனையை அறிந்தவன் ஆகான். நுங்கை மட்டும் சுவைத்து, 'இஃது இனிய மரம்' என்று கூறிச் செல்வோனும் அங்ஙனமே.

மரத்தைப் பற்றிய இவ்வுண்மை சில நூல்களுக்கும் பொருந்தும் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது. 1992-ஆம் ஆண்டில் 'கருக்கு' என்னும் பெயராலேயே ஒரு நூல் தமிழில் வெளிவந்தது. பாமா அவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல் அது. அதனையும், அதன் இனமான பிற தலித் தன்வரலாறுகளையும் நாம் வகுப்பில் பயில்கின்றோம், தேர்வில் எழுதுகின்றோம். ஆனால், அவற்றில் கருக்கை மட்டும் காண்கின்றோம்; நுங்கைக் காண்பதில்லை. துன்பத்தைத் தேடி அந்நூல்களுட் புகுகின்றோம். துன்பத்தை எடுத்துக்கொண்டு வெளிவருகின்றோம். அவற்றில் நிறைந்துள்ள நகையையும், விளையாட்டையும், பாட்டையும், அன்பையும் வாயிலிலேயே விட்டுவிடுகின்றோம். இஃது அரைப் படிப்பு. அரைப் படிப்பு என்பதோடு நில்லாது, சிலருக்குத் தீங்கும் செய்வது. அத்தீங்கு இன்னதென்று யான் அறிந்த வகையைக் கூறுகின்றேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் வகுப்பில் 'கருக்கு' வாசிக்கப்பட்டது. பாமா அவர்கள் தம் ஊர் மாந்தருக்கு வழங்கிய பட்டப்பெயர்களையும், அப்பெயர்கள் பிறந்த கதைகளையும் கூறும் பகுதி வந்தபொழுது, என்னை அறியாது வாய்விட்டு நகைத்துவிட்டேன். எங்கள் தெருவிலும் ஒவ்வொருவர்க்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித் தேடி வருவோர்க்கு வீடு அகப்படாது. பட்டப்பெயரைச் சொன்னால் நாயும் வழிகாட்டும். ஏட்டில் எங்கள் தெருவைக் கண்ட மகிழ்ச்சியே அந்நகைப்பு. ஆனால், வகுப்பு முழுவதும் இழவு வீடு போல அமைதியாக இருந்தது. வகுப்பு முடிந்தபின் நல்லுள்ளம் படைத்த நண்பர் ஒருவர் என் தோள்மேல் கைவைத்து, "உங்கள் மக்கள் எவ்வளவு துன்பப்பட்டிருக்கின்றார்கள்!" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் அன்பில் யான் ஐயுறவில்லை. ஆயினும், அந்த நொடியில் யான் அவருடைய நண்பன் என்னும் நிலையினின்று நழுவி, அவர் பார்க்க வந்த நோயாளி ஆகிவிட்டேன். அதற்கு முந்திய நாள் வரை நாங்கள் இருவரும் பந்தாட்டத்தில் சண்டையிட்டுக்கொள்ளும் சமானர். அதன்பின் சில நாள் அவர் என்னோடு சண்டையிடவில்லை. இரக்கம் சமன்மையை விழுங்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நண்பர்காள்! அந்நூல்கள் இரக்கத்தை வேண்டி எழுதப்பட்டனவா? சிறிது ஆராய்வோம்.

ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைத் தாமே எழுதும் வழக்கம் தமிழில் நேற்றுத் தோன்றியதன்று. 1893-ஆம் ஆண்டில் தம் குலப்பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' என்று ஓர் இதழ் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பிறர் வசையாக வழங்கிய சொல்லைத் தம் கையால் எடுத்துக் கொடியாக உயர்த்திய பெருமகன் அவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர். 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலால் தம் வரலாற்றைத் தாமே கூறினார். அதன்பின் நெடுங்காலம் கழித்து 1992-இல் 'கருக்கு' தோன்றியது. அதனைத் தொடர்ந்து 2002-இல் ராஜ் கௌதமன் அவர்களின் 'சிலுவைராஜ் சரித்திரம்', 2005-இல் கே. ஏ. குணசேகரன் அவர்களின் 'வடு' ஆகியவை வந்தன. நம் பொருநைக் கரைப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் அவர்கள் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய 'மறக்கவே நினைக்கிறேன்' என்னும் கட்டுரைகளும் இவ்வினத்தனவே. உ. வே. சாமிநாதையர் அவர்களின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை தொடராக வந்ததும் அவ்விதழிலேதான் என்பதை நினைத்துப் பார்க்கின்றேன். ஏடு தேடி அலைந்த பெரியாரின் வாழ்வும், வாழைத்தார் சுமந்த சிறுவனின் வாழ்வும் ஓர் இதழின் பக்கங்களில் இடம்பெற்றமை தமிழுக்குப் பெருமையன்றோ?

இனி, இந்நூல்களினுள்ளே புகுவோம். 'கருக்'கில் யாவரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளியினின்று வீடு திரும்பும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்து, பொட்டலத்தைத் தொடாது தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் நீட்டுவதைக் காண்கின்றாள். தொட்டால் தீட்டு என்பதே அதன் காரணம். இந்நிகழ்ச்சியைத் தேர்வுத்தாளில் எழுதாத மாணவர் இலர். ஆனால், அதனைக் கண்ட சிறுமி முதலில் என் செய்தாள் என்பதை எழுதுவோர் சிலரே. அவள் நகைத்தாள். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சிறிய பொட்டலத்தை அங்ஙனம் தூக்கிச் சென்ற கோலம் அவளுக்குக் கூத்தாகத் தோன்றியது. வீட்டிற்கு வந்து தமையனாரிடமும் வேடிக்கைக் கதையாகவே கூறுகின்றாள். அவர் காரணத்தை விளக்கிய பின்னரே அவளுக்குச் சினம் பிறக்கின்றது. இந்த வரிசை கருதத்தக்கது. தீண்டாமை என்னும் ஏற்பாடு எவ்வளவு பொருளற்றது என்பதை அந்தப் பிள்ளையின் சிரிப்பு முதலிலேயே கண்டுகொண்டது. உலகம் அதனைப் பெரிய ஒழுக்கமாகப் போற்ற, எட்டு வயதுக் குழந்தைக்கு அது கோமாளித்தனமாகப் பட்டது. ஆகவே, அச்சிரிப்பு அறியாமையினால் எழுந்தது என்று கூறுவதற்கில்லை. அறிவின் முதல் அரும்பே அது.

அந்நூலில் வேறு எவ்வளவோ உள! மாலையில் தெருவில் கூடிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள், பெரியோரைப் போல நடித்துக் காட்டும் குறும்புகள், திருநாட்களின் ஆரவாரம், பெண்கள் வேலையிடையே பாடும் பாட்டுக்கள். காவலர் ஊருக்குள் புகுந்து ஆடவரைப் பிடித்துச் சென்ற துயர நாட்களைக் கூறும் இடத்திலும், ஒளிந்திருந்த தந்தை ஒருவர்க்குச் சேலை உடுத்திப் பெண்போல் ஆக்கி, இறந்த மகனின் அடக்கத்திற்கு அழைத்துச் சென்ற பெண்களின் அறிவுத்திறன் மின்னுகின்றது. கண்ணீருக்கு நடுவே அங்ஙனம் எண்ணத் துணிந்த உள்ளங்கள் உடைந்துபோன உள்ளங்களா? 1994-இல் வந்த 'சங்கதி'யில் வெள்ளையம்மாக் கிழவியின் வாய்மொழியைக் கேட்டோர், கல்வி என்பது எழுத்தில் மட்டும் இருப்பதன்று என்பதை ஒப்புவர். 1996-இல் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்கோ 'கிசும்புக்காரன்' என்றே பெயர். அதில் ஒரு கதைக்கு 'அண்ணாச்சி' என்பது தலைப்பு. மேற்சாதியார் ஒருவரை ஒடுக்கப்பட்ட இளைஞன் ஒருவன் 'அண்ணாச்சி' என்று அழைத்துவிடுகின்றான். அவ்வொரு சொல்லால் ஊர் எப்படிக் கலங்கியது என்பதே கதை. கடைத்தெரு எங்கும் காலை முதல் இரவு வரை 'அண்ணாச்சி' என்று ஒலிக்கும் நம் நெல்லை நாட்டார்க்கு அக்கதையின் சுவையை விளக்கவும் வேண்டுமோ?

ராஜ் கௌதமன் அவர்கள் பாளையங்கோட்டையில் கல்லூரிக் கல்வி பயின்றவர். பின்னர்ப் பேராசிரியராகவும் பெரும் ஆய்வாளராகவும் விளங்கி, 2024-ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். பாமா அவர்களுக்குத் தமையனார். தம் கதையைச் 'சிலுவைராஜ்' என்னும் பாத்திரத்தின்மேல் ஏற்றி, அப்பாத்திரத்தை முதற்பக்கம் முதலாகக் கேலி செய்கின்றார். பிறரைக் கேலி செய்தல் எளிது. தம்மையே கேலி செய்தற்குத் தம்மைப்பற்றி அச்சமற்ற உள்ளம் வேண்டும். கிறிஸ்தவனாகப் பிறந்த சிலுவைராஜ், வேலை பெறும் பொருட்டு இந்துவாக மாறும் இடத்தில் அந்நூல் முடிகின்றது. பட்டியல் சாதியார்க்குரிய உரிமை 1950-ஆம் ஆண்டு ஆணையால் இந்துக்களுக்கே வழங்கப்பட்டது, 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது, கிறிஸ்தவர்க்கு வழங்கப்படவில்லை. இத்துணைப் பெரிய முரணை ஒப்பாரியாக எழுதியிருந்தால் படித்து மறந்திருப்போம். அவர் நகைச்சுவையாக எழுதினார். ஆகலின் அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

குணசேகரன் அவர்கள் சிவகங்கைச் சீமையில் மாரந்தை என்னும் ஊரினர், நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகத் திரட்டி, மேடைதோறும் பாடியவர், 2016-இல் மறைந்தார். அவர் தம் நூலுக்கு 'வடு' என்று பெயரிட்டார். அப்பெயரின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குவதில்லை. புண் வேறு, வடு வேறு. புண்ணில் குருதி கசியும், தொட்டால் துடிக்கும். வடுவோ புண் ஆறியதன் அடையாளம். இங்குக் காயம் பட்டது என்பதையும், பட்டவன் பிழைத்தான் என்பதையும் அஃது ஒருங்கே கூறும். சொல்லால் நேர்ந்த காயம் ஆறுவதில்லை என்று வள்ளுவப் பெருந்தகை கூறியுள்ளார். அவர் கூற்றை மறுக்க யான் யார்? ஆயினும், அச்சொல்லைப் பட்டவனே எடுத்துத் தன் சொல்லில் எழுதும்பொழுது, ஆற்றும் வழி ஒன்று திறக்கின்றது என்பதற்கு இந்நூல்கள் சான்று. பாமா அவர்கள் கன்னியர் மடத்தை விட்டு வெளிவந்து, வேலையும் துணையும் இன்றித் தனித்து நின்ற காலத்தில், தம் உட்புண்ணை ஆற்றிக்கொள்ளவே 'கருக்கு' எழுதத் தொடங்கினார் என்பதைப் பின்னாளில் அவரே வெளியிட்டுள்ளார்.

எழுத்து எங்ஙனம் மருந்தாகின்றது? யான் எண்ணிப் பார்த்த அளவில் மூன்று வகை தோன்றுகின்றன. முதலாவது, இழிவு என்பது இழைத்தவனுடையது, பட்டவனுடையதன்று என்னும் உண்மை எழுதுங்கால் தெளிவாகின்றது. மனத்தில் இருக்கும்வரை 'என் குறை' என்று தோன்றுவது, தாளில் இறங்கியவுடன் 'அவன் பிழை' என்று தெரிகின்றது. இரண்டாவது, நகைச்சுவை கொடியோனைச் சிறியவன் ஆக்குகின்றது. கண்டு நடுங்கியவனை எண்ணிச் சிரிக்க முடியுமாயின், அவன் பிடி தளர்ந்தது என்று அறியலாம். மூன்றாவது, ஒருவர் எழுதியதைப் படித்த மற்றொருவர், 'எனக்கும் இப்படியே' என்கின்றார். அச்சொல்லால் தனிமை நீங்குகின்றது. யான் வகுப்பில் நகைத்த நகைப்பு இம்மூன்றாம் வகை மருந்தே.

நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மேல் காவலர் தடியடி நிகழ்த்த, ஆற்றில் இறங்கிய மக்களுள் பதினேழு பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தாமிரபரணியில் மலர் தூவப்படுகின்றது. அவ்வாற்றிலேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மருதமரக் கிளையினின்று குதித்து நீந்துகின்றனர்; அதன் நீரிலேதான் காரும் பிசானமும் விளைகின்றன. ஆறு இரண்டையும் சுமக்கின்றது. மாரி செல்வராஜ் அவர்கள் தம் இளமையைக் கொண்டு இயற்றி 2024-இல் வெளிவந்த 'வாழை' என்னும் திரைப்படமும் அத்தகையதே. கூலி வேலைக்குச் சென்ற தொழிலாளர் ஊர்தி கவிழ்ந்து மாண்ட பெருந்துயரில் அது முடிகின்றது. ஆனால், அதற்கு முன் நெடுநேரம் இரு சிறுவர் தத்தமக்குப் பிடித்த நடிகருக்காகச் சண்டையிடுகின்றனர். ஆசிரியையிடம் அன்பு கொள்கின்றனர். தார் சுமக்காது தப்பிக்க வழி தேடுகின்றனர். அந்தச் சிரிப்பு இல்லையேல் அந்த அழுகைக்குப் பொருள் இல்லை. இறந்தவர் இத்தனை பேர் என்று செய்தித்தாள் கூறும். அவர் எப்படிச் சிரிப்பார் என்று அவரோடு வாழ்ந்தவரே கூறமுடியும்.

இவ்வுண்மையைக் கடலுக்கு அப்பாலும் கண்டோர் உளர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களுக்கும் நம் நாட்டு ஒடுக்கப்பட்டோர்க்கும் உள்ள உறவு பழையது. மராட்டியப் பெரியார் ஜோதிராவ் புலே 1873-இல் 'குலாம்கிரி' என்னும் நூலை, அந்நாட்டில் அடிமை விலங்கை ஒழிக்கப் பாடுபட்டோர்க்குக் காணிக்கை ஆக்கினார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அந்நாட்டுக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியது. கறுப்பின அறிஞர் டுபாய்ஸ், தம் மக்களின் ஆன்மாவைப்பற்றி 1903-இல் எழுதிய கட்டுரைத் தொகுதியின் அதிகாரங்களுக்கு அடிமைகள் பாடிய ஞானப்பாடல்களின் இசைக் குறிப்புகளைத் தலைப்பில் பதித்தார். சோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் அம்மையார் 1928-இல் எழுதிய தன்னுணர்வுக் கட்டுரை ஒன்றில், தாம் கறுப்பினத்தவர் என்பதற்காகப் புலம்பிக்கொண்டிருக்க மறுத்து, தம் வாழ்வின் சுவையைக் கொண்டாடினார். அவர் வறுமையில் மறைந்து, கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இன்றிக் கிடந்தார். 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்னும் எழுத்தாளர் அவ்விடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். அடுத்த ஆண்டில் அந்த ஆலிஸ் வாக்கரே தம் அன்னையைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பண்ணையில் பாடுபட்டுக் களைத்த அவ்வன்னை, குடியேறிய ஒவ்வோர் எளிய வீட்டிலும் பூந்தோட்டம் அமைத்ததை அதில் நினைவுகூர்ந்தார். உழைத்து ஓய்ந்த கையில் அழகை நாடும் உள்ளம் அழியாது இருந்தது என்பதே அக்கட்டுரையின் உயிர்.

இங்கு ஒரு தடை எழும். 'ஒடுக்கப்பட்டோர் மகிழ்ச்சியைப்பற்றி இங்ஙனம் பேசினால், ஒடுக்குவோர்க்கு அது வாய்ப்பாகாதா? அவர்கள்தாம் பாடி ஆடி மகிழ்கின்றனரே, அவர்க்கு என்ன குறை என்று கூறிவிட மாட்டார்களா?' என்பர் சிலர். வலிய தடையே இது. அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, 1845-இல் தம் வரலாற்றை எழுதிய பிரெடெரிக் டக்ளஸ் இதனை அன்றே கண்டார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மனநிறைவோடு உள்ளனர் என்று கருதியோரை எண்ணி அவர் வியந்து வருந்தினார். அப்பாட்டுக்கள் துயரத்தின் குரல் என்று விளக்கினார். அவர் கூற்று முழுதும் மெய். ஆகவேதான் மகிழ்ச்சியையும் மனநிறைவையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது என்கின்றேன். மனநிறைவு உள்ளவன் உள்ளதே போதும் என்று அமர்ந்திருப்பான். மகிழ்ச்சியை ஒருமுறை சுவைத்தவனோ, 'இதுவே என் உரிமை. இதனை மறிப்பவன் யார்?' என்று கேட்பான். பொட்டலத்தைக் கண்டு சிரித்த சிறுமியே பின்னர் 'கருக்கு' எழுதினாள். அவளது சிரிப்பு அவளை அடக்கி வைக்கவில்லை, எழுப்பிவிட்டது.

வேறொரு தடை மொழி பற்றியது. இந்நூல்களின் நடை கொச்சை, இலக்கிய வழக்கன்று என்று முகம் சுளிப்போர் உளர். தமிழ் சிறப்பு வகுப்பில் பயிலும் யானும் முதலில் அங்ஙனம் எண்ணினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால், எங்கள் தெருவின் நகைச்சுவையைச் செந்தமிழில் எழுதிப் பார்த்தேன், அது செத்துப்போயிற்று. மொழி உடலாயின் நகைச்சுவை அதன் உயிர். உடலை மாற்றியபின் உயிர் நிற்பது எங்ஙனம்? இக்கட்டுரையை யான் இந்நடையில் எழுதுவது இம்மலரின் பழக்கம் பற்றியே அன்றி, எங்கள் ஆச்சியின் தமிழ் இதனினும் தாழ்ந்தது என்னும் கருத்தினால் அன்று.

கிறிஸ்தவ மாணவர்க்கு ஒரு சொல். தன்வரலாறு நமக்குப் புதிதன்று. சாட்சி சொல்லுதல் நம் சபைகளின் மரபு. கூட்டங்களில் எழுந்து நின்று, 'நான் குடியனாக இருந்தேன், நோயாளியாக இருந்தேன், ஆண்டவர் என்னை மீட்டார்' என்று கூறக் கேட்டே வளர்ந்துள்ளோம். ஆயினும், நாம் செய்த பாவத்திற்குச் சாட்சி உண்டு. நமக்குச் செய்யப்பட்ட பாவத்திற்குச் சாட்சி இல்லை. 'ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் பெற்றேன். ஆனால் கல்லறையில் எனக்கு வேறு வரிசை தந்தார்கள்' என்று எழுந்து கூறியவரை யான் இதுவரை கண்டதில்லை. தாவீதின் சங்கீதங்களைப் பாருங்கள். புலம்பலும் துதியும் ஒரே சங்கீதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றை மட்டும் பாடுமாறு வேதம் நமக்குக் கற்பிக்கவில்லை. துதியை மட்டும் கேட்க விரும்பும் சபையும், புலம்பலை மட்டும் கேட்க விரும்பும் வகுப்பறையும் ஒரே பிழையை இரு முனைகளினின்று செய்கின்றன.

இறுதியாக என் பிழையையும் கூறிவிடுகின்றேன். பள்ளியில் 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். யான் ஆற்றை எழுதினேன்; மலையை எழுதினேன்; வாழைத் தோட்டத்தை எழுதினேன்; கோயில் தேரையும் எழுதினேன். எங்கள் தெருவை மட்டும் எழுதவில்லை. அக்கட்டுரைக்கு முதற்பரிசு கிடைத்தது. அதனை வீட்டில் படித்துக் காட்டினேன். நாற்று நட்டுத் திரும்பிய சேறு காயாத காலோடு கேட்டுக்கொண்டிருந்த என் ஆச்சி, முழுதும் கேட்டபின், "ஏலே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்ம எங்கல இருக்கோம் இதுல?" என்றாள். அவ்வினாவிற்கு விடை கூற எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

அண்மையில் அக்கட்டுரையை மீண்டும் எழுதினேன். இம்முறை தெருவினின்று தொடங்கினேன். குடத்தோடு குழாயடியில் காத்து நின்றதையும் எழுதினேன். அங்கு நின்றவாறே பெண்கள் ஊர்ப் பெரியவரைப்போல நடந்து காட்டிச் சிரித்ததையும் எழுதினேன். நடவில் குலவை இட்டதையும், அசன நாளில் சோறு வெந்த மணத்தையும், எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய இரவில் ஆச்சி பாத்திரங்களை வரிசையாக வைத்துச் சொட்டும் ஒலிக்கேற்பப் பாடி எங்களை உறங்க வைத்ததையும் எழுதினேன். எழுதி முடித்த அன்று நன்றாக உறங்கினேன். பரிசுக்கு அதனை அனுப்பவில்லை. ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் அவள் திருத்தம் கூறினாள்; இரண்டும் நகைச்சுவை போதாத இடங்களே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மலர்க் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இம்மலரில் மாணவர் தம் வாழ்வைத் தாமே எழுதும் கட்டுரைகளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குக. எழுதுவோன் எத்தெருவினன் ஆயினும் ஆகுக. துன்பத்தையும் எழுதுக, சிரித்ததையும் எழுதுக என்று கூறுக. பேச்சு வழக்கில் எழுதினால் மதிப்பெண் குறையாது என்று உறுதி அளிக்குக. நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அக்கட்டுரைகளைப் படிக்கையில் அழவேண்டிய இடத்தில் அழுங்கள். சிரிக்கவேண்டிய இடத்தில் அஞ்சாது சிரியுங்கள். படித்து முடித்தபின், எழுதியவனைப் பந்தாட அழையுங்கள். தோற்றால் சண்டையும் இடுங்கள். அதுவே நீங்கள் அவனுக்குச் செய்யும் மரியாதை.